முன்னறையில் என் பாதி

அன்பும் மதிப்பும் குறையாத அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நலம் என்பதைச் சற்று விரித்துச் சொல்வதானால், எனக்குக் காது கொஞ்சம் மந்தம், உன் தம்பி மனைவிக்குக் கண் பார்வை போன முறை நீ வந்தபோது இருந்ததைவிட ஒரு படி கீழே. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும். அங்கே நீயும் அத்தானும் சுகம்தானே? அத்தானின் இடது முழங்கால் இப்போது மடங்குகிறதா? வலது என்றால் மன்னித்துக்கொள். நாற்பத்தொரு வருடம் செய்தியாளராக இருந்தவன் இதையாவது சரிபார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும்.

சரிபார்க்காமல் விட்ட இன்னொன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். நீ பாதியில் சிரிப்பாய், அல்லது பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசிவரை படித்துவிட்டுத்தான் திட்டுவாய்.

முக்கியமானதை முதலில் சொல்வது என் தொழில் பழக்கம். ஆகவே சொல்லிவிடுகிறேன். நீ குடியிருக்கும் அப்பா வீட்டு முன்னறையில் எனக்குள்ள பாதியை ஒரு சங்கத்துக்கு நான் உயில் எழுதி வைத்துவிட்டதாக ஒரு செய்தி அச்சில் வந்திருக்கிறது. ஐந்நூறு பிரதி. செய்தியை எழுதியவன் நான். செய்தி தவறு. நான் உயிலே எழுதவில்லை, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. இனி விவரம்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு தகரப் பட்டறை இருக்கிறது. அதன் மாடியில் இரண்டு அறைகளில் ஒரு வாசிப்புச் சங்கம் நடக்கிறது. கண் தெரியாதவர்களுக்காகத் தினமும் காலையில் செய்தித்தாளைப் படித்து ஒலிப்பதிவு செய்து வைப்பார்கள். ஏழரை மணிக்குமேல் ஒரு எண்ணுக்குப் போன் செய்தால் முதல் பக்கத்திலிருந்து கேட்கலாம். மத்தியானத்தில் நாவல்கள் படிப்பார்கள். பட்டறையும் அதே நேரம் வேலை செய்வதால் எல்லா நாவலிலும் யாரோ தகரம் அடித்துக்கொண்டே இருப்பார்கள். உன் தம்பி மனைவி தினமும் கேட்பவள். கதாநாயகி அழும் இடத்தில் தட்டுவது நின்றுவிட்டால் அவளுக்கு அந்தக் காட்சி சுவைக்கவில்லை என்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு நானும் படிக்கிறேன் என்று அங்கே போனேன். செயலாளர் ஒரு அம்மாள். முப்பது வருடம் ரயில் நிலையத்தில் வண்டி வரும் போகும் அறிவிப்புச் செய்தவர். எல்லோருக்கும் ஸ்டேஷன் அம்மா. அவர் படித்தால் அமைச்சரின் ராஜினாமாகூடச் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது போல இருக்கும். என்னை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்து மூன்று நிமிடம் கேட்டார். பிறகு இயந்திரத்தை அணைத்துவிட்டு, "சார், நீங்க படிக்கிறீங்களா, திருத்துறீங்களா?" என்றார். யாரோ ஒரு இளம் நிருபரின் முதல் பத்தியை நான் படித்துக்கொண்டே மாற்றி எழுதியிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. அன்றோடு என் வாசிப்பு முடிந்தது. அதற்குப் பதிலாகத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம் எழுதும் வேலை வந்தது.

பிரசுரத்தின் தலைப்பு "உயிலில் ஒரு வரி". விஷயம் நல்ல விஷயம், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. இருக்கும்போது கொடுக்க நினைப்பவர்கள் நிறையப் பேர். நாளைக்குக் கொடுக்கலாம் என்றே காலம் போய்விடும். பிள்ளைகள் நல்லவர்கள்தான், ஆனால் அப்பா எந்தச் சங்கத்தை விரும்பினார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் வீட்டாருக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டு, அதே தாளில் ஒரு வரி, ஒரு சிறு பங்கு. நீங்கள் இருக்கும்வரை உங்கள் கையைவிட்டு எதுவும் போகாது, மனம் மாறினால் மாற்றி எழுதலாம். இப்படி மூன்று பக்கம் எழுதினேன். நான்காவது பக்கத்தில் பூர்த்தி செய்து கொடுக்க ஒரு படிவம்.

மூன்றாவது பக்கத்தின் கடைசியில் ஒரு உதாரணம் வேண்டியிருந்தது. ஆள் இல்லாமல் நான் எதையும் எழுதியதில்லை, அது உனக்குத் தெரியும். சங்கத்தில் விசாரித்தேன். உயிலில் எழுதி வைத்தவர் என்று இதுவரை ஒருவர்கூட இல்லை. அச்சகத்திலிருந்து மணிக்கு ஒரு தரம் போன். நான்கு வரி இடம் காலியாகக் கிடக்கிறது. அப்போதுதான் அப்பாவின் முன்னறை ஞாபகம் வந்தது. மருந்துக்கடை வைத்திருந்த அறை. ஒன்றரை முழச் சுவர். கதவைச் சாத்தினால் தெரு இருப்பதே தெரியாது. மேலிருந்து கீழ்வரை அலமாரி. ஒலிப்பதிவுக்கென்றே கட்டியது போன்ற அறையில் இப்போது உன் பழைய கட்டில்கள் நிற்கின்றன. சட்டென்று எழுதினேன்: "மூத்த செய்தியாளர் ஒருவர் தம் பெற்றோர் வீட்டு முன்னறையில் தமக்குரிய பாதியை இச்சங்கத்துக்கு எழுதி வைத்துள்ளார்." எழுதி வைக்க எண்ணியுள்ளார் என்றுதான் முதலில் போட்டேன். அது ஐந்தாவது வரிக்குப் போயிற்று. இடம் இல்லாததால் ஒரு எண்ணம் பொய்யான கதை இது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த அறைக் கதவில் பித்தளையில் ஒரு பெயர்ப்பலகை இருப்பதாகவும், அதில் என் பெயர் இருப்பதாகவும் அன்று மத்தியானம் ஒரு கால் மணி நேரம் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

பாதி எனக்குத்தான் என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. அப்பா போவதற்கு மூன்று வருடம் முன்பு நாம் மூவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அன்று ஒரு கிடங்கில் தீ. புகைப்படக்காரர் ஸ்கூட்டரை அணைக்காமல் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே, அப்பா விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். கையெழுத்துப் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. அதன் பிறகு நான் வரும்போதெல்லாம் நீயும் முன்னறைச் சாவியை என் கையில் கொடுத்து, "உன் ரூமை நீயே திறந்துக்கோ" என்றுதானே சொல்வாய்.

சரி, பிரசுரம் வந்துவிட்டது. எங்கள் குடியிருப்பில் நானே கதவு கதவாகப் போய்க் கொடுத்தேன். இரண்டாம் மாடியில் ஒரு ஆடிட்டர் இருக்கிறார். ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிறது, பார்வை மட்டும் ஓய்வு பெறவில்லை. நிற்க வைத்துக்கொண்டே நான்கு பக்கத்தையும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றாமல் என்னைப் பார்த்தார்.

"இந்த மூத்த செய்தியாளர் யாரு?"

"நான்தான்."

"எழுதி முடிச்சாச்சா?"

"ஏறக்குறைய."

"ஏறக்குறைய உயில்னு ஒண்ணு இருக்கா என்ன?"

நான் மாடிப்படியைப் பார்த்தேன். அவர் விடவில்லை. நீங்கள் எழுதியதைக் காட்டுங்கள், அதைப் பார்த்து நானும் ஒரு வரி எழுதுகிறேன் என்றார். சொன்னதோடு நிற்காமல் லிஃப்டில் பார்த்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லியிருக்கிறார். ஒரு வாரத்தில் ஏழு வீட்டுக்காரர்கள் என் உயிலைப் பார்த்துவிட்டு எழுதுவதாகக் காத்திருந்தார்கள். என் வாழ்நாளில் நான் எழுதிய எதற்கும் ஏழு பேர் காத்திருந்ததில்லை, அக்கா. எழுதாத ஒன்றுக்குக் காத்திருந்தார்கள்.

இதற்குள் ஸ்டேஷன் அம்மா செயற்குழுவில் இருவரை அழைத்துக்கொண்டு நன்றி சொல்ல வந்துவிட்டார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல் வந்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கண்ணில் இருந்தது கவலைதான், ஆனால் கவலை மட்டும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. செயற்குழுவில் ஒருவர் மெதுவாக, அறை எப்போது கிடைக்கும் என்று கேட்டார். எனக்குப் பிறகு என்றேன். ஸ்டேஷன் அம்மா பழக்க தோஷத்தில், "வருகை நேரம் இன்னும் உறுதி செய்யப்படவில்லை" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். உள்ளே உன் தம்பி மனைவி சிரித்த சிரிப்பு பட்டறைவரை கேட்டிருக்கும்.

ஆக, வெளியான செய்தியை உண்மையாக்குவது ஒன்றுதான் வழி. உட்கார்ந்து உயிலை எழுதினேன். வேறு எப்படி எழுத வரும் எனக்கு? தலைப்புப் போட்டேன். கீழே தேதி போட்டேன். "இக்குடியிருப்பில் முதல் மாடியில் உள்ள வீடு, அவருடைய மனைவிக்குச் சேரும் எனத் தெரிகிறது" என்று தொடங்கினேன். மனைவிக்குப் பிறகு வீடு மகளுக்குச் செல்லக்கூடும் என்றும், இது குறித்து மகளிடம் கேட்டபோது அவர் கருத்துக் கூற மறுத்துவிட்டார் என்றும் எழுதினேன். உண்மையில் மகள் கருத்துக் கூறினாள். "அப்பா, வேற என்ன வேணா எழுதுங்க, அந்தப் பதினோரு பெட்டி நோட்டுப் புத்தகத்தை மட்டும் என் பேருக்கு எழுதிடாதீங்க" என்றாள். நாற்பத்தொரு வருடக் குறிப்புகள். பத்திரிகை ஆவணக் காப்பகங்கள் அதற்காக அடித்துக்கொள்ளும் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டு காப்பகங்களுக்கு எழுதிப் பார்த்தேன், இரண்டும் வாழ்த்துச் சொல்லி முடித்துக்கொண்டன.

எழுதி முடித்து உன் தம்பி மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் அந்தக் காலத்தில் எங்கள் பத்திரிகையில் சப் எடிட்டர் என்பது உனக்குத் தெரியாததல்ல. நாங்கள் காதலித்தோம் என்று ஊர் சொல்லும். நடந்தது அதுவல்ல. நான் எழுதிய செய்திகளை அவள் கீழிருந்து வெட்டினாள், நான் சண்டைக்குப் போனேன், சண்டை முடியாததால் கல்யாணம் செய்துகொண்டோம். முக்கியமானது மேலே, மற்றது கீழே, இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியிலிருந்து வெட்டிக்கொண்டு வா. இதுதான் எங்கள் இருவர் வேலையும். இப்போது கண் தெரியாவிட்டாலும் கத்தரிக்கோல் அவள் காதிலேயே இருக்கிறது. ஒன்றரைப் பக்கம் இருந்ததைக் கேட்டுவிட்டு, "உயில்னா ஒரு பக்கம் போதும். கடைசிப் பத்தியை எடுத்துடுங்க" என்றாள்.

கடைசிப் பத்திதான் சங்கத்துக்கான பத்தி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த உயிலை எழுதுவதே அந்தப் பத்திக்காகத்தான் என்றேன். அவள் அசையவில்லை. "நீங்களே அதைக் கடைசியில வச்சிருக்கீங்க. உங்க வாட்சு மூணாவது பத்தியில இருக்கு, உங்க செருப்பு அலமாரி நாலாவது பத்தியில இருக்கு. அவ்வளவு முக்கியம்னா அது ஏன் அங்க போச்சு?"

நாற்பத்தொரு வருடம் அடுத்தவர் செய்தியில் எது முக்கியம் என்று முதல் பார்வையிலேயே சொன்னவன், என் செய்தியில் செருப்பு அலமாரியை மேலே வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகை ஆசையை எடுத்துவிட்டுப் பார்த்தால் எனக்கே அந்தப் பத்தியின் காரணம் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. பிறகு வாயில் வந்தது இதுதான்.

"எனக்கப்புறம் உனக்கு யாரு பேப்பர் படிப்பா?"

இப்போதும் நான் படிப்பது அவளுக்குப் பிடிப்பதில்லை, பாதிச் செய்தியில் என் அபிப்பிராயம் கலந்துவிடுகிறது என்பாள். அவள் கேட்பது ஏழரை மணி எண்ணைத்தான். அந்த எண் வருடா வருடம் வாடகை அறையில், யாரோ கொடுப்பதை வைத்து ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஒரு நாள் நின்றால், நானும் இல்லாமல் போனால், முப்பது வருடம் ஊரே படிக்கும் முன் செய்தியைப் படித்தவள் பக்கத்து வீட்டார் சொல்வதை வைத்து உலகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மகள் வெளியூரில் இருக்கிறாள், அவளைக் குறை சொல்ல முடியாது.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அதை மேல போடுங்க" என்றாள். முதல் பத்தியாகப் போட்டேன். செருப்பு அலமாரி வெட்டப்பட்டது.

மறுநாள் வக்கீலிடம் போனோம். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும் என்று ஆடிட்டரையும் ஸ்டேஷன் அம்மாவையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். ஒழுங்காகத் திட்டமிட்டுவிட்டதாக ஒரு பெருமை. வக்கீல் என் உயிலைப் படித்தார். "எனத் தெரிகிறது" வந்த இடத்திலெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டார், மொத்தம் பதினான்கு. யாருக்குத் தெரிகிறது என்று கேட்டார். பிறகு ஸ்டேஷன் அம்மாவைப் பார்த்து, நீங்கள் யார் என்றார். சொன்னார். வக்கீல் பேனாவை மூடிவிட்டார். பலன் வாங்கும் தரப்பு சாட்சி போடுவது சரிப்படாது, பின்னால் யாராவது கேள்வி கேட்டால் சங்கத்துக்குத்தான் நஷ்டம் என்றார். ஸ்டேஷன் அம்மா வெளியே பெஞ்சுக்கு மாறினார். ஆடிட்டர் ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தார், சாட்சி போட்டவருக்கு ஒன்றுமே கிடையாதா என்று.

"சாட்சி பார்க்கறதுக்கு மட்டும்தான் சார். வாங்கிக்கறவங்க வேற" என்றார் வக்கீல்.

நல்ல வாக்கியம். நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். பழக்கம் போகாது.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னை உனக்கு எழுத வைத்தது. முன்னறை யார் பேரில் இருக்கிறது, பத்திரம் எங்கே, அக்காவிடம் பேசியாயிற்றா? மூன்று கேள்வி. செய்தியாளர் கூட்டத்தில் நான் பிறரிடம் கேட்கிற மாதிரியே கேட்டார். எங்கள் இருவர் பேரிலும்தான், பத்திரம் அக்காவிடம் இருக்கும், பேசவில்லை என்று மூன்றுக்கும் சொன்னேன். பத்திரத்தைப் பார்த்துவிட்டு, அக்காவிடமும் பேசிவிட்டு வாருங்கள் என்று உயிலைத் திருப்பிக் கொடுத்தார். ஆடிட்டர் படி இறங்கும்போது, "ஏறக்குறைய முடிஞ்சிடுச்சு, இல்ல?" என்றார். நான் ஆட்டோவுக்குக் கை காட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

ஆகவே அக்கா, உன்னிடம் கேட்பது இரண்டு. ஒன்று, பத்திரத்தின் நகல். இன்னொன்று, உன் பாதியை ஒட்டியிருக்கும் என் பாதியை, என் காலத்துக்குப் பிறகு அந்தச் சங்கத்துக்குக் கொடுக்க நீ மனசாரச் சொல்லும் ஒரு வார்த்தை. உன் கட்டில்களுக்கு இடம் பார்க்க நான் வந்து ஒத்தாசை செய்கிறேன். முன்கூட்டிக் கேட்டிருக்கணும், கேக்கல. அச்சுல வந்ததுக்கப்புறம் கேக்கறேன். நீ கூடாதுன்னு சொன்னா அடுத்த பிரசுரத்துல திருத்தம் போட்டுடறேன். திருத்தத்தையெல்லாம் ஏழாம் பக்கத்துக் கடைசியில பொடி எழுத்துல போட்டே பழகினவன், இதை முதல் பக்கத்துல போடறேன். அந்த ஏழு வீட்டுக்கும் நானே ஏறிப் போய்ச் சொல்றேன். லிஃப்ட்ல போக மாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். இரண்டு முழங்காலும் சேர்ந்து நல்லபடி நடக்கட்டும். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள் என்று உன் தம்பி மனைவி பக்கத்திலிருந்து சொல்கிறாள். உங்கள் வீட்டில் எல்லாம் நிறைந்து, நீங்கள் இருவரும் நோயற்று நெடுநாள் வாழ வேண்டும் என்று ஆசி சொல்ல எனக்கு வயது போதாது. ஆசைப்படுகிறேன் என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பேப்பர்காரத் தம்பி

பி.கு.: உறையில் போடும் முன் கடிதத்தை உன் தம்பி மனைவிக்குப் படித்துக் காட்டினேன். பதிவு அலுவலகம் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "பாதி உங்களுதுங்கறதுக்கு ஆதாரம் என்ன?" என்றாள். கையெழுத்துப் போட்டேனே என்றேன். "எந்த இடத்துல?" என்றாள்.

அப்பா எனக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நோட்டுப் புத்தகப் பெட்டிகளில் நான்காவதில் இருந்தது. உறை பிரிக்கப்படவில்லை. ஊரில் உள்ளவர் உறையையெல்லாம் பிரித்துப் பார்த்தே பிழைப்பு நடத்தியவன், எனக்கு வந்த உறையை இருபத்திரண்டு வருடம் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். பிரித்தேன். வீடு முழுவதும், முன்னறை உட்பட, கடைசிக் காலத்தில் தம்மையும் அம்மாவையும் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு என்று அப்பா எழுதியிருக்கிறார். நியாயமான பத்திரம், ஒரு சொல் அதிகம் இல்லை. கீழே சாட்சிகள் இருவர். முதல் கையெழுத்து என்னுடையது. சாட்சி பார்ப்பதற்கு மட்டும்தான்.

மேலே உள்ளதெல்லாம் ரத்து, அக்கா. எனக்குப் பாதி கிடையாது. இத்தனை வருடமும் "உன் ரூம்" என்று சாவியைக் கொடுத்தாயே, ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்ததற்கு நன்றி சொல்வதா திட்டுவதா என்று தெரியவில்லை, நேரில் வந்து இரண்டையும் செய்கிறேன்.

என் உயிலின் முதல் பத்தியை இன்று மாற்றி எழுதிவிட்டேன். வங்கியில் எனக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்கு வாசிப்புச் சங்கத்துக்கு. ஒரே வரி. பெயர்ப்பலகைக்கு இடமில்லை. படித்துக் காட்டினேன். "இதுல வெட்ட ஒண்ணுமில்ல" என்றாள். கல்யாணமாகி இந்த வார்த்தையை நான் கேட்பது இதுவே முதல் தடவை. நாளைக் காலை ஆடிட்டர் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

பிரசுரத்தில் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்துக் கடைசி நான்கு வரியை மை வைத்து அடித்துவிட்டேன். நான்காம் பக்கத்துப் படிவத்தில் பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது. அறை உன்னுடையது, மனசும் உன்னுடையது, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். என்றைக்காவது நீ எழுதுவதாக இருந்து சாட்சி தேவைப்பட்டால் மட்டும் சொல்லி அனுப்பு. அந்த வேலையில் எனக்கு முன் அனுபவம் உண்டு. இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.